மனநிறைவு அணி

எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னுதானே சார் பார்க்குறீங்க? இல்லையா? சும்மாத்தான் பார்த்தீங்களா. சரி, அதனால என்ன. நிறைய பேருக்கு அப்பிடித் தோணும், அதான் கேட்டேன். உள்ளூர் கேபிள்ல பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் வருவேன். சிரிப்பருவி முசிறி தியாகேசன். பட்டிமன்றப் பேச்சாளர். இப்பவும் அப்பிடித்தான் சொல்லிக்கிறது. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்குங்களேன், காலை நீட்டிக்கிறேன். நாள் பூரா நிக்கிற கால். உக்காரக் கிடைக்கிறது இந்த பஸ்லதான்.

தப்பா நினைக்காதீங்க, நீங்க ஃபோன்ல பேசினது காதுல விழுந்துச்சு. நான் ஏறினதுலேர்ந்து பேசிக்கிட்டு வர்றீங்க, விழாம என்ன செய்யும். புதுக் கம்பெனிக்காரன் நல்ல சம்பளம் தர்றேங்கிறான், ஆனா இப்ப இருக்கிற எடம்தான் மனசுக்குப் பிடிச்சிருக்கு, என்ன செய்யலாம்னு யாரையோ கேட்டீங்க. அவர் என்ன சொன்னாரோ தெரியல. என்னைக் கேட்டிருந்தா ரெண்டு பக்கமும் சொல்லியிருப்பேன். ரெண்டு பக்கமும் பேசினவன் நான். தலைப்பே அதுதான் சார். 'வேலையில் பெரிது மனநிறைவா, மாதச் சம்பளமா?' போன மூணு வருஷமா எந்த ஊருக்குப் போனாலும் இந்தத் தலைப்புதான். மாமியார் மருமக தலைப்பெல்லாம் இப்ப எடுபடுறதில்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

என் வீட்டுக்காரி பேரு அமிர்தவல்லி. நர்ஸ். முசிறியில எஸ்தர் டாக்டரம்மா ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருக்கு, சின்ன ஆஸ்பத்திரி, அங்க பிரசவ வார்டுல இருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடியே சேர்ந்தது. சம்பளம்னு சொல்லவே வாய் கூசும், அவ்வளவுதான் தருவாங்க. நான் அப்ப திருச்சியில ஒரு ஜவுளிக்கடையில வேட்டி செக்ஷன் பார்த்துக்கிட்டிருந்தேன். லீவு போட்டுட்டுப் பட்டிமன்றத்துக்குப் போவேன். ஒரு தடவை தை மாசம், கோயில் விழா சீசன், நாலு நாள் தொடர்ந்து நிகழ்ச்சி. முதலாளி கூப்பிட்டு, "தியாகு, கடையா மைக்கா, ஒண்ணைச் சொல்லு"ன்னார். நான் யோசிக்கவே இல்லை சார். மைக்குன்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து அமிர்தத்துக்கிட்ட சொன்னேன். வேலைங்கிறது மனசுக்குப் பிடிக்கணும், பிடிக்காத வேலையைச் செய்யிறவன் உசுரோட இருந்தும் இல்லாத மாதிரின்னு ரொம்ப நேரம் சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. "உங்களுக்குப் பிடிச்சா செய்யுங்க"ன்னா. அவ்வளவுதான். அப்பறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏழு வருஷம். பொம்பளைன்னா அப்பிடி இருக்கணும்னு நானே பல மேடையில சொல்லியிருக்கேன்.

பட்டிமன்றத்துல என்ன வரும்னு கேக்குறீங்களா? நடுவருக்கு ஒரு தொகை, எங்களுக்கு ஒரு தொகை. எங்க நடுவர் புலவர் சடகோபன், அவர் பார்த்துக் குடுக்கிறதுதான். சால்வை வரும். வீட்டுல பீரோவுல ஒரு தட்டு பூரா சால்வை. தை, மாசி, பங்குனி, சித்திரை ஓடும். அப்பறம் ஆடியில அம்மன் கோயில். மத்த நாளெல்லாம் தயாரிப்புதான். தயாரிப்புன்னா சும்மா இல்லை சார், படிக்கணும், யோசிக்கணும், சாயங்காலம் ஆத்துப்பக்கம் நடந்துட்டு வரணும். நகைச்சுவை அப்பிடித்தான் வரும். வீட்டுச் செலவு அமிர்தம் சம்பளத்துல போயிடும்.

அவ வேலை எப்பிடின்னா, நேரம் காலமே கிடையாது. வருவா, டெட்டால் வாசனையோட வருவா. வந்ததும் ஆரம்பிச்சுடுவா. இன்னிக்கு மண்பறையிலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சுங்க, குழந்தை குறுக்க இருந்துச்சு, டாக்டரம்மாவே பயந்துட்டாங்க, நான் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தேன், இப்பிடி. நின்னுக்கிட்டே சாப்பிடுவா, பேசிக்கிட்டே சாப்பிடுவா. நான் பாதிதான் கேப்பேன். எனக்கு அடுத்த நாள் பேச்சு ஓடிக்கிட்டிருக்கும் மனசுல. சந்தைக்குப் போனா ரெண்டு எட்டு வைக்க முடியாது. "சிஸ்டர், இது நீங்க எடுத்த பிள்ளை சிஸ்டர்"னு ஒரு பொடிசைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. பக்கத்துல நான் நிக்கிறேன், கேபிள்ல வர்ற ஆளு, என்னை யாரும் கண்டுக்கிறதில்லை. காய்கறிப் பையோட நிப்பேன். கத்திரிக்காய்க்காரி அவளுக்கு மட்டும் ஒரு கை சேர்த்துப் போடுவா.

சரி, இதெல்லாம் எதுக்குச் சொல்றேன். ஜெசிந்தான்னு அவளோட படிச்ச பொண்ணு. அதுவும் நர்ஸா இருந்ததுதான். திருச்சியில ஒரு கம்பெனிக்குப் போயிடுச்சு. மெடிக்கல் கோடிங். அமெரிக்காவுல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனார்னா, என்ன வியாதி, என்ன வைத்தியம்னு அங்க எழுதி வச்சிருப்பாங்க இல்லையா, அதைப் படிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போடணும். அந்த நம்பரை வச்சுத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் குடுப்பான். அந்த வேலை. ஏசி ரூம். உக்காந்த எடத்துல வேலை. நைட் டியூட்டி கிடையாது, ரத்தம் கிடையாது. சம்பளம் இவ வாங்குனதைப் போல ரெண்டரை மடங்கு. ஜெசிந்தா ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்லிட்டு, "உனக்கு இருக்கிற அனுபவத்துக்கு ஒடனே எடுத்துப்பாங்க அமிர்தா"ன்னு போயிட்டா.

அமிர்தம் சிரிச்சுட்டு விட்டுட்டா. நான் விடல.

நான் கட்டாயப்படுத்தல சார். அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எங்க வீட்டுல இப்ப அப்பிடி ஒரு பேச்சு இருக்கு. நான் எடுத்துச் சொன்னேன். எடுத்துச் சொல்றது என் தொழில். பொண்ணு இலக்கியா பத்து முடிச்சிருக்கா, பதினொண்ணுக்கு நல்ல ஸ்கூல்ல போடணும். வாடகை ஏறிக்கிட்டே போகுது. அப்பறம் நிகழ்ச்சிக்குப் போயிட்டு வர்றதுக்கு ஒரு பழைய காராவது வேணும், எத்தனை நாளைக்கு மத்தவங்க வண்டியில தொத்திக்கிட்டுப் போறது, பேச்சாளர்னா ஒரு மரியாதை வேண்டாமா. குடும்பம்னு வந்துட்டா பிடிச்சது பிடிக்காதது பார்க்க முடியாது அமிர்தம்னு சொன்னேன். சம்பளம்தான் முக்கியம், பிடிச்ச வேலைங்கிறதெல்லாம் வசதி உள்ளவங்க பேச்சுன்னு சொன்னேன். நல்லா வந்துச்சு, அடுத்த மாசம் தா.பேட்டையில சம்பளம் அணியில பேசினப்ப அதையே வச்சுக்கிட்டேன். கைதட்டு பிய்ச்சுக்கிச்சு.

"எனக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பழக்கமில்லைங்க"ன்னா அவ.

"பழகிக்கலாம்"னேன்.

"வார்டுல எனக்கு ஒரு மாதிரி நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா சோறு வருமா?"

அந்த கோடிங்குக்கு ஒரு பரீட்சை எழுதணும், புஸ்தகம் செங்கல் மாதிரி இருக்கும். டியூட்டி முடிச்சு வந்து படிச்சா. பாஸ் பண்ணிட்டா. கெட்டிக்காரி, அதை நான் எப்பவும் ஒத்துக்குவேன். ஆஸ்பத்திரியில சொல்லிக்கப் போன அன்னிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா தடுக்கவே இல்லை. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "இது யாரு முடிவு?"ன்னு மட்டும் கேட்டாங்க. அமிர்தம், "நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் டாக்டர்"னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு சார். எத்தனை பொம்பளை அப்பிடிச் சொல்லுவா?

சேர்ந்துட்டா. காலையில இதே பஸ்தான், சாயங்காலம் திரும்புவா. கழுத்துல அட்டை. முதல் மாசம் சம்பளம் வந்தப்ப பிரியாணி வாங்கிட்டு வந்தேன். ரெண்டாம் மாசமோ மூணாம் மாசமோ கார் பார்த்துட்டேன், பழசுதான், தவணை. இலக்கியாவை நல்ல ஸ்கூல்ல போட்டோம். வீடே ஒரு தெம்பா இருந்துச்சு. அவளும் நிம்மதியா இருந்தா. எப்பிடிச் சொல்றேன்னா, முன்ன மாதிரி வளவளன்னு பேச்சு இல்லை. வருவா, கைகால் கழுவுவா, டிவி முன்னாடி உக்காந்து சாப்பிடுவா, படுத்துடுவா. கழுத்துல தைலம் தேய்ச்சுக்குவா. எனக்கும் தயாரிப்புக்கு நல்ல அமைதி.

ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே, "இன்னிக்கு ஒரு பிரசவம் வந்துச்சுங்க"ன்னா. நான் திடுக்குனு பார்த்தேன். ஸ்கிரீன்லயாம். யாரோ அமெரிக்காக்காரப் பொண்ணு. தலை வந்து தோள் சிக்கிக்கிச்சாம், என்னென்ன பண்ணாங்கன்னு ஒவ்வொண்ணா எழுதியிருந்துச்சாம். குழந்தை எடை, எத்தனை தையல், எல்லாம் இருந்துச்சாம்.

"பேரு மட்டும் மறைச்சிருக்கு. அந்தப் பொண்ணு பேரு என்னவா இருக்கும்?"னு கேட்டா.

"பேரு தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போறே"ன்னேன்.

"ஒண்ணுமில்லை. பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னும் போடலை"ன்னா. போடமாட்டாங்க சார். அதுக்கு நம்பர் கிடையாது. அதை நானே அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. எதிர்வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம். இவ காலையில பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருக்கா, அந்த வீட்டுலேர்ந்து கத்துறாங்க. வலி வந்துடுச்சு. இவ பையைக் கீழ போட்டுட்டு ஓடினா. அப்பறம் என்னைக் கூப்பிட்டு, காரை எடுங்கன்னா. நல்ல விஷயம்தானே, எடுத்தேன். எஸ்தர் டாக்டரம்மாகிட்டத்தான் கொண்டுபோனோம். அங்க இறக்கி விட்டுட்டு, சீக்கிரம் வந்தா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடலாம்னு நான் கார்ல உக்காந்து ஹாரன் அடிச்சேன். மேல ஜன்னல்லேர்ந்து எட்டிப் பார்த்து, போங்கன்னு கையைக் காட்டிட்டு உள்ள போயிட்டா.

மத்தியானம் நடந்தே வந்தா. வரும்போதே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வர்றா. பொம்பளைப் பிள்ளையாம், மூணு கிலோவாம், பொறந்ததும் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைப் பிடிச்சுக்கிச்சாம். இலக்கியாவுக்கும் எனக்கும் அன்னிக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்ணா. முருகலா, பழைய மாதிரி. நான் சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் கேட்டேன், சாப்பிடும்போது கேக்கக்கூடாது பாருங்க. "சொல்லாம கொள்ளாம லீவு போட்டா கம்பெனியில என்ன சொல்லுவான்? எதிர்வீட்டுல ஆம்பளைங்க இல்லையா, அங்க நர்ஸ் இல்லையா? உனக்கு இப்ப அது வேலையா?"ன்னு கேட்டேன். கோபமா இல்லை சார், நியாயமாத்தான் கேட்டேன். "இல்லைங்க"ன்னா. தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சொன்ன மாதிரியே அந்த மாசம் சம்பளத்துல பிடிச்சுட்டான். டீம் லீடர்னு ஒரு சின்னப் பொண்ணு, இவளைக் கூப்பிட்டு இனிமே இப்பிடிச் செய்யக்கூடாதுன்னு எழுதி வாங்கிடுச்சாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவ சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். சடகோபன் ஐயா ஃபோன் பண்ணார். "தியாகேசா, திருச்சியில ஒரு கம்பெனி ஆண்டு விழா, மத்தியானம் பட்டிமன்றம், தலைப்பு நம்ம மனநிறைவா சம்பளமாதான், உனக்கு மனநிறைவு அணி"ன்னார். எந்தக் கம்பெனின்னா, அமிர்தம் வேலை பார்க்குற கம்பெனி. எனக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் அவ வந்ததும் சொன்னேன். அவ முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அங்க வேண்டாங்க. வேற யாரையாவது போகச் சொல்லுங்க"ன்னா. கூச்சம் சார். நம்ம ஆளு மேடையில இருந்தா நமக்கு ஒரு கூச்சம் வரும் இல்லையா. நீ சும்மா முன்வரிசையில வந்து உக்காருன்னேன்.

பெரிய கல்யாண மண்டபம். ஐந்நூறு, அறுநூறு பேர் இருப்பாங்க, எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைங்க. கோட்டு போட்ட மேனேஜருங்க முன்னாடி சோபாவுல. அமிர்தம் மூணாவது வரிசையில ஜெசிந்தாவோட உக்காந்திருந்தா. நான் எழுந்தேன். முதல்ல எப்பவும் போல வீட்டுக்காரி ஜோக். அது இல்லாம பட்டிமன்றம் கிடையாது சார். அவ உப்பு மறந்தது, என் வேட்டியைத் துடைக்கிற துணியாக்கினது, இப்பிடி வருஷக்கணக்கா சொல்றது, அதுல பாதி நானே கட்டினது. அவ ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. கூட்டம் சூடாயிடுச்சு. அப்பறம் திடீர்னு எனக்குள்ள ஒண்ணு வந்துச்சு. தயாரிச்சுக்கிட்டுப் போகாதது. சில நாள் அப்பிடி வரும், மேல இருக்கிறவன் குடுக்கிறது.

"இதே மண்டபத்துல என் மனைவி உக்காந்திருக்கா"ன்னேன். எல்லாரும் திரும்பித் தேடுனாங்க. "ஒரு காலத்துல அவ பிரசவ வார்டுல நிப்பா. அவ கைக்கு வராத பிள்ளை எங்க ஊர்ல இல்லை. வீட்டுக்கு வந்தா அவ வாயை மூட முடியாது, அத்தனை கதை. இன்னிக்கு? ஏசியில உக்காந்து யாரோ முகம் தெரியாதவனோட வயித்துவலிக்கு நம்பர் போட்டுக்கிட்டிருக்கா." சிரிச்சாங்க. சிரிப்பு அடங்குற வரைக்கும் நின்னேன். நிக்கத் தெரியணும், அதுதான் கலை. அப்பறம் குரலை இறக்கி, "சம்பளம் ரெண்டரை மடங்கு ஆச்சு. ஆனா என் வீட்டுல இருந்த அந்தப் பேச்சு போயிடுச்சு. அந்தப் பேச்சை எந்தக் கடையில போய் வாங்குறதுன்னு இந்தச் சம்பள அணிக்காரங்க சொல்லட்டும், நான் உக்காந்துடுறேன்"னு சொல்லிட்டு உக்காந்தேன்.

சார், மண்டபமே ஒரு நிமிஷம் மூச்சு விடல. அப்பறம் கைதட்டு. பின்வரிசைப் பிள்ளைங்க எழுந்து நின்னு தட்டுச்சு. ஒரு பொண்ணு துப்பட்டாவால கண்ணைத் துடைச்சுக்கிச்சு. மேனேஜரே தட்டினார். சடகோபன் ஐயா மனநிறைவுக்கே தீர்ப்பு சொன்னார், அதுவும் என் வரியையே எடுத்துச் சொன்னார். என் வாழ்க்கையில அப்பிடி ஒரு பேச்சு நான் பேசினதில்லை. அமிர்தம் மட்டும் தட்டல. தட்டமாட்டா, நம்ம வீட்டு ஆளு. என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

கார்ல திரும்பி வர்றோம். பின்சீட்ல சால்வை, நினைவுப் பரிசு. வாத்தலை தாண்டினதும் கேட்டா.

"அதெல்லாம் நெஜமாவே நினைச்சுத்தான் பேசினீங்களா?"

"பின்னே? மனசுல இல்லாதது வாயில வருமா?"ன்னேன். வேற என்ன சார் சொல்லுவேன், இவ்வளவு பேர் தட்டியிருக்காங்க.

"நான் பேசறதை நிறுத்திட்டேங்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா?"

"சரி"ன்னா. அப்பறம் ஆத்தைப் பார்த்துக்கிட்டே வந்தா.

அந்த வாரக் கடைசியில, நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன், காபியை வச்சுட்டு, "நான் எழுதிக் குடுத்துட்டேங்க. நோட்டீஸ் காலம் முடிஞ்சதும் டாக்டரம்மாகிட்ட போயிடுறேன். பேசிட்டேன்"னா. அவ எதை எழுதிக் குடுத்தாங்கிறது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. வேலையை விட்டுட்டா சார். ரெண்டரை மடங்குச் சம்பளத்தை. கார் தவணை இருக்கு, ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. டாக்டரம்மா பழைய சம்பளம்கூட இல்லை, புதுசாச் சேர்ற மாதிரிதான் தர முடியும்னுட்டாங்களாம்.

"யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே?"ன்னேன்.

"நீங்கதானேங்க சொன்னீங்க. அத்தனை பேர் முன்னாடி."

அய்யோ, அது தலைப்பு. தலைப்புக்குப் பேசுறது. சம்பளம் அணி குடுத்திருந்தா சம்பளத்துக்குப் பேசியிருப்பேன், தா.பேட்டையில பேசலையா? வக்கீல் கோர்ட்டுல பேசுறதை வீட்டுல வந்து யாராவது கேப்பாங்களா? இதை எல்லாம் நிதானமா எடுத்துச் சொன்னேன். எடுத்துச் சொல்லி முடிச்சப்ப, அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த இலக்கியா தலையைத் தூக்கி, "அப்பா, நீங்க நெஜத்துல எந்த அணி?"ன்னு கேக்குறா. பதினேழு வயசு. பேரு வச்சது நான்.

நான் சத்தம் போட்டேன். அதை மறைக்கல. வீட்டு நிலைமை தெரியாம உனக்குப் பிடிச்சதைச் செஞ்சா குடும்பம் என்ன ஆகும், ஒரு பொறுப்பு வேண்டாமான்னு கேட்டேன்.

அப்பத்தான் அமிர்தம் சொன்னா. சத்தமே இல்லாம சொன்னா. "ஏழு வருஷமா நீங்க உங்களுக்குப் பிடிச்சதைத்தானே செஞ்சீங்க. நான் ஒரு நாள் கேட்டிருப்பேனா?"

பாருங்க சார். கேட்டிருப்பேனான்னு கேட்டாலே அது கேட்ட மாதிரிதானே? ஏழு வருஷம் மனசுல வச்சிருந்திருக்கா. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அப்பப்ப சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

"இனிமே கொஞ்ச நாள் நீங்க சம்பளத்துக்குப் போங்க. நான் பிடிச்சதுக்குப் போறேன்"னா. சொல்லிட்டு இலக்கியாகிட்டேர்ந்து வெங்காயத்தை வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான் பேச்சு. நான் எத்தனை மேடை பார்த்தவன், அன்னிக்கு மறுப்புரைக்கு எனக்கு ஒண்ணும் வரல. இப்பவும் பஸ்ல வரும்போது யோசிச்சுப் பார்க்குறேன், நல்ல பதிலா ஒண்ணு இருக்கணும், அகப்பட மாட்டேங்குது.

காரை வித்தாச்சு. பழைய ஜவுளிக்கடைக்கே போய் நின்னேன். முதலாளி நல்ல மனுஷர், மேலயும் கீழயும் பார்த்துட்டு, "வேட்டி செக்ஷன்ல ஆள் இருக்கு தியாகு. உனக்குத்தான் குரல் இருக்கே, மைக்குல நில்லு"ன்னுட்டார். அதான் இப்ப என் வேலை. வாசப்பக்கம் ஒரு மூலையில மைக் இருக்கு. 'முதல் தளத்தில் பட்டுப் புடவைகள், இரண்டாம் தளத்தில் ஆண்களுக்கான ஆயத்த ஆடைகள்.' நாள் பூரா இதான். நடுவுல பிள்ளையைத் தொலைச்சவங்க வருவாங்க, மஞ்சள் சட்டை போட்ட மூணு வயசுப் பையன்னு சொல்லணும். ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கமாட்டாங்க. நான் சொல்றேன்னே தெரியாது, ஏதோ டேப்பு ஓடுதுன்னு நினைச்சுக்குவாங்க. ஒரு நாள் எதுகை மோனையோட ரெண்டு வரி சேர்த்துச் சொன்னேன், சூப்பர்வைசர் வந்து, "எழுதிக் குடுத்ததை மட்டும் படிங்க"ன்னுட்டான்.

நிகழ்ச்சியும் குறைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமைதானே கடையில கூட்டம், லீவு தரமாட்டாங்க. சடகோபன் ஐயா ரெண்டு தடவை கூப்பிட்டார், வர முடியலைன்னேன். இப்ப குளித்தலையிலேர்ந்து ஒரு தம்பி மனநிறைவு அணியில பேசுறானாம். என் வரியைத்தான் சொல்றானாம், அவன் பொண்டாட்டி பேரைப் போட்டு.

எனக்கு இந்த வேலை பிடிக்கலை சார். அதை யாரும் கேக்கலை. சம்பளத்தைக் கொண்டுபோய் அமிர்தம் கையில குடுப்பேன், வாங்கி அலமாரியில வச்சுட்டு, "கால் வலிக்குதா, வெந்நீர் போடட்டுமா?"ன்னு கேப்பா. வேலை எப்பிடி இருக்குன்னு கேக்கமாட்டா. நானும் அவகிட்ட கேட்டதில்லைங்கிறீங்களா? நான் கேக்க வேண்டிய அவசியமே இல்லையே, அவதான் அந்தக் காலத்துல தானா சொல்லுவாளே.

போன செவ்வாய்க்கிழமை கடையில மின்சார வேலைன்னு மத்தியானமே விட்டுட்டாங்க. முசிறி வந்து இறங்கினேன். வீட்டுச் சாவி அவகிட்ட இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல போய், வேப்பமரத்தடியில பைக்குங்க நிக்கிற எடத்துல நின்னேன். அவளுக்கு டியூட்டி முடியிற நேரம்தான். கொஞ்ச நேரத்துல வெளிய வந்தா. கூட ஒரு ஆயாம்மா. அமிர்தம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கிட்டு வர்றா. யாரோ மாதிரி நடிச்சுக் காட்டுறா சார். இடுப்புல கையை வச்சுக்கிட்டு, குரலை மாத்தி. அந்த ஆயாம்மா சிரிச்சுச் சிரிச்சு, முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. இவளும் சிரிக்கிறா. எங்க நிறுத்தணும், எங்க குரலை இறக்கணும், அத்தனையும் தெரியுது அவளுக்கு. தொழில்காரன், எனக்குத் தெரியாதா. நான் அப்பிடியே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அப்பறம் என்னைப் பார்த்தா. கை நின்னுடுச்சு. ஆயாம்மாகிட்ட ஏதோ சொல்லி அனுப்பிட்டு, புடவையைச் சரி பண்ணிக்கிட்டு வந்து, "என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க"ன்னா.

"என்ன கதை அது?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. வார்டு விஷயம்."

"சொல்லேன், கேப்போம்."

"அது உங்களுக்குப் புரியாதுங்க, வாங்க"ன்னு முன்னால நடந்தா. சாவியைப் பையிலேர்ந்து எடுத்து என் கையில குடுத்தா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

களைப்பு சார். காலையிலேர்ந்து நிக்கிறா, அதுவும் அந்தச் சம்பளத்துக்கு. மத்தவங்க முன்னாடி எப்பிடியோ சமாளிச்சுடுறாங்க. நம்ம வீட்டு ஆளைப் பார்த்ததும்தான் களைப்பு தெரியும். இல்லையா சார்?